எதிர்நிலைத் திறனாய்வாளரும் திரைத் திறனாய்வுக்கான தகுதியும்: ஆர்மண்ட் ஒயிட்டை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

திரைப்படங்களைப் பற்றி எழுதுவதற்கு ஒருவரைத் தகுதியுடையவராக்குவது எது என்னும் வினா, பெரும்பான்மைக் கருத்தோடு முரண்படும் திறனாய்வாளர் தோன்றும்போதே கூர்மை பெறுகிறது. அமெரிக்கத் திரைத் திறனாய்வாளர் ஆர்மண்ட் ஒயிட்டின் எழுத்துப் பயணத்தையும், அவரைச் சூழ்ந்து எழுந்த விவாதங்களையும் முதன்மைச் சான்றாகக் கொண்டு, கல்விப் பட்டம், பதவி, சக திறனாய்வாளரின் ஏற்பு, பெரும்பான்மையோடு உடன்படுதல் ஆகிய நான்கும் தகுதியின் அளவுகோல்களாக நிற்கக்கூடியவையா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தகுதி என்பது எழுதுபவரிடம் முன்கூட்டியே அமைந்து கிடக்கும் உடைமையன்று. ஒவ்வொரு எழுத்திலும் மெய்ப்பிக்கப்பட வேண்டிய பண்பு என்பதை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: திரைத் திறனாய்வு, மதிப்புரை, எதிர்நிலை, தகுதி, சுவைத் தீர்ப்பு, ஆர்மண்ட் ஒயிட், பாலின் கேல், டேவிட் ஹியூம்.

முன்னுரை

மருத்துவம், சட்டம் போன்ற துறைகளில் தொழில் புரிவதற்கு உரிமம் வேண்டும். திரைத் திறனாய்வுக்கு அத்தகைய உரிமம் எந்த நாட்டிலும் இல்லை. நுழைவுச்சீட்டு வாங்கிய எவரும் கருத்துரைக்கலாம். ஆயினும், எல்லாக் கருத்தும் திறனாய்வு ஆகிவிடுவதில்லை என்னும் உணர்வு வாசகரிடம் நிலைத்திருக்கிறது. தமிழில் வழங்கும் மதிப்புரை, திறனாய்வு என்னும் இரு சொற்களே இவ்வேறுபாட்டைச் சுட்ட உதவுவன. ஒரு படைப்பு வெளிவந்தவுடன் அதனை அறிமுகப்படுத்தி மதிப்பிடுவது மதிப்புரை. படைப்பின் திறத்தை ஆய்ந்து, அதற்கான காரணங்களை முன்வைப்பது திறனாய்வு. நாளிதழ், வார இதழ் எழுத்தில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்தே வருகின்றன. அதனால்தான் தகுதி பற்றிய குழப்பமும் அங்கே மிகுதி.

வாசகர் தம் கருத்தோடு ஒத்துப்போகும் மதிப்புரையை எழுதியவரின் தகுதியை வினவுவது அரிது. தாம் விரும்பிய படத்தை ஒருவர் மறுக்கும்போதே, 'இவர் யார்?' என்னும் கேள்வி பிறக்கிறது. எனவே தகுதி என்னும் கருத்தாக்கத்தைச் சோதிப்பதற்கு எதிர்நிலைத் திறனாய்வாளரே ஏற்ற களம். எதிர்நிலைத் திறனாய்வாளர் என்னும் தொடர், பெரும்பான்மைத் திறனாய்வாளர் போற்றியதை மறுத்தும் அவர்கள் தள்ளியதைப் போற்றியும் தொடர்ந்து எழுதுபவர் என்னும் பொருளில் இங்கு ஆளப்படுகிறது.

1. ஆர்மண்ட் ஒயிட்: பின்புலம்

டெட்ராய்ட் நகரில் வளர்ந்த ஆர்மண்ட் ஒயிட், பள்ளி நாள்களில் பாலின் கேலின் 'கிஸ் கிஸ் பேங் பேங்' என்னும் திறனாய்வுத் தொகுப்பைப் படித்ததன் வழியே இத்துறைக்கு ஈர்க்கப்பட்டவர். வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதழியல் பயின்றார். புரூக்ளினிலிருந்து வெளிவந்த 'தி சிட்டி சன்' என்னும் கறுப்பின மக்களுக்கான வார இதழில் 1984 முதல் 1996 வரை திரைப்படம், இசை, நாடகம் ஆகியவற்றைப் பற்றி எழுதினார். 1997 முதல் 2011 வரை 'நியூயார்க் பிரஸ்' இதழிலும், பின்னர் 'நேஷனல் ரிவ்யூ' முதலிய இதழ்களிலும் எழுதிவந்தார். 1935ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நியூயார்க் திரைத் திறனாய்வாளர் வட்டத்தின் தலைவராக மூன்று முறை பணியாற்றினார்.

பலரும் புகழ்ந்த படங்களை மறுப்பதும், பலரும் இகழ்ந்த படங்களைப் போற்றுவதும் அவருடைய எழுத்தின் அடையாளமாயின. 2009இல் 'டிஸ்ட்ரிக்ட் 9', 2010இல் 'டாய் ஸ்டோரி 3' ஆகிய படங்களை அவர் மறுத்து எழுதியபோது, திரள் திரளாக வாசகர் சினமுற்றனர். அவருடைய மதிப்புரைகளைக் கணக்கில் கொள்ளக்கூடாது என்னும் கோரிக்கைகளும் எழுந்தன. அக்கோரிக்கைகள் யாவும், அவர் கூறியது தவறு என்பதோடு நில்லாமல், கூறுவதற்கான தகுதியே அவருக்கு இல்லை என்னும் வடிவத்தில் அமைந்தமை கருதத்தக்கது.

2. கல்விப் பட்டம்

ஒயிட்டின் விடை நேரானது. 2010ஆம் ஆண்டு ஓர் ஒலிவழி நேர்காணலில், திரைப்படத்தை முறையாகக் கற்றவர் என்னும் நிலையில் நின்று தம்மை அடையாளப்படுத்திக்கொண்ட அவர், ரோஜர் ஈபர்ட் திரைத் திறனாய்வையே அழித்துவிட்டார் என்றும் குற்றஞ்சாட்டினார். ஈபர்ட் தொலைக்காட்சியில் கட்டைவிரலை உயர்த்தியும் தாழ்த்தியும் தீர்ப்பு வழங்கும் பழக்கத்தைப் பரப்பியவர். இத்துறையில் கல்விப் பயிற்சி பெறாமல் பணியமர்வால் மட்டுமே திறனாய்வாளர் ஆனவர் என்பன அக்குற்றச்சாட்டின் சாரம்.

இவ்வாதத்தை அவருடைய வாழ்க்கை வரலாறே ஐயத்துக்கு உள்ளாக்குகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் முதுகலைப் பட்டம் பெற்றது 1997ஆம் ஆண்டில். அதற்கு முன்பே பதின்மூன்று ஆண்டுகள் தொழில்முறையில் எழுதியிருந்தார். அவருடைய 'தி ரெசிஸ்டன்ஸ்' என்னும் கட்டுரைத் தொகுப்பு 1995இலேயே வெளிவந்துவிட்டது. பட்டமே தகுதியைத் தருவதாயின், 'தி சிட்டி சன்' காலத்து எழுத்துகள் அனைத்தும் தகுதியற்றவர் எழுதியவை என்றாகும். அவ்வாறு கொள்வதற்கு அவரே உடன்பட மாட்டார்.

மேலும், அவரை இத்துறைக்கு அழைத்துவந்த பாலின் கேல் பட்டம் பெற்றவரல்லர். பெர்க்லி வளாகத்தில் மெய்யியல் பயின்று, பட்டம் பெறும் முன்பே வெளியேறியவர். சிறு திரையரங்கு ஒன்றை நடத்தியும், அங்குத் திரையிடும் படங்களுக்குக் குறிப்புகள் எழுதியும், வானொலியில் உரையாற்றியும் தம் பயிற்சியைத் தாமே அமைத்துக்கொண்டார். 1968 முதல் 1991 வரை 'தி நியூயார்க்கர்' இதழில் எழுதி, ஒரு தலைமுறைத் திறனாய்வு நடையையே மாற்றினார். பிரான்சில் பதினான்கு வயதில் பள்ளியை விட்டு விலகிய பிரான்சுவா த்ரூஃபோ, 1954ஆம் ஆண்டு சனவரியில் 'கையே து சினிமா' இதழில் எழுதிய கட்டுரை, அந்நாட்டில் மதிப்புப் பெற்றிருந்த 'தரமான' திரைப்பட மரபையே கேள்விக்கு உள்ளாக்கியது. அப்போது அவருக்கு வயது 21.

மறுதலையாக, ஒயிட்டால் பயிற்சியற்றவர் எனக் கருதப்பட்ட ஈபர்ட், இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் இதழியல் பயின்று, சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கி, 1967இல் முழுநேரத் திரைத் திறனாய்வாளரானபின் அதனைக் கைவிட்டவர். பட்டத்தின் இன்மையும் உண்மையும் எழுத்தின் தரத்தோடு நேரடி உறவு கொண்டிருக்கவில்லை என்பதை இச்சான்றுகள் காட்டுகின்றன. கல்வி என்பது ஒப்பிடுவதற்குரிய படங்களையும் கருவிகளையும் மிகுவிக்கும். அவற்றை வேறு வழியிலும் பெறலாம். ஆகவே, கல்வி தகுதிக்குத் துணைசெய்வது, தகுதியே ஆகாது.

3. பதவியும் அவையின் ஏற்பும்

பெரிய இதழின் இருக்கை ஒருவருக்கு அதிகாரத்தைத் தரும். அவ்வதிகாரம் தகுதியின் சான்றா என்பதற்கு 1967ஆம் ஆண்டின் 'போனி அண்ட் கிளைடு' விவாதம் தெளிவான விடை தருகிறது. 'தி நியூயார்க் டைம்ஸ்' இதழின் தலைமைத் திரைத் திறனாய்வாளராக 1940 முதல் விளங்கிய பாஸ்லி கிரௌதர், அப்படத்தை ஒருமுறைக்கு மேல் கடுமையாகத் தாக்கி எழுதினார். கேல் அதே படத்தை ஆதரித்து எழுதிய நெடிய கட்டுரை அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்தது. 'நியூஸ்வீக்' இதழின் ஜோ மார்கன்ஸ்டெர்ன் முதலில் படத்தை மறுத்து எழுதினார். பொதுமக்களோடு அமர்ந்து மீண்டும் பார்த்தபின், அடுத்த வாரமே தம் தீர்ப்பு தவறு என அதே இதழில் எழுதினார். கிரௌதரின் இருக்கை 1968இல் வேறொருவருக்குச் சென்றது.

இந்நிகழ்வில் இரண்டு செய்திகள் உள்ளன. எதிர்நிலை என்பது புறத்தே நிற்பவருக்கு மட்டும் உரியதன்று. காலம் நகரும்போது, அதிகார இருக்கையில் இருப்பவரே தனித்து நிற்பவர் ஆகிவிடலாம். மற்றொன்று, மார்கன்ஸ்டெர்ன் தம் தீர்ப்பை மாற்றிக்கொண்டது அவருடைய மதிப்பைக் குறைக்கவில்லை. படைப்பை மீண்டும் எதிர்கொள்ளும் ஆயத்தமே அங்குத் தகுதியாக வெளிப்பட்டது.

சக திறனாய்வாளர் அவையின் ஏற்பு அடுத்துக் கருதத்தக்கது. 2014 சனவரியில் நியூயார்க் திரைத் திறனாய்வாளர் வட்டம் ஒயிட்டை உறுப்பினர் நிலையிலிருந்து நீக்கியது. விருது விழாவில் இயக்குநர் ஸ்டீவ் மெக்வீன் விருது பெற்றபோது ஒயிட் இகழ்ந்து கூச்சலிட்டார் என்பது குற்றச்சாட்டு. ஒயிட் அதனை மறுத்தார். இங்கு மனங்கொள்ள வேண்டியது, நீக்கம் அவை நடத்தை பற்றியதே அன்றி எழுத்தைப் பற்றியது அன்று என்பதே. மூன்று முறை அவரைத் தலைவராக ஏற்றபோது அவ்வட்டம் அவருடைய ஒவ்வொரு தீர்ப்பையும் ஏற்றுவிடவில்லை. நீக்கியபோது அத்தீர்ப்புகளைத் தவறென நிறுவிவிடவும் இல்லை. அவையின் ஏற்பு உறுப்பினர் உரிமையை வரையறுக்கிறது. திறனாய்வின் செம்மையை அதனால் அளக்க இயலாது.

4. உடன்பாட்டை எண்ணும் முறை

1998ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ராட்டன் டொமேட்டோஸ் என்னும் மதிப்புரைத் திரட்டு, தகுதி பற்றிய உரையாடலின் திசையையே மாற்றியது. ஒவ்வொரு மதிப்புரையும் அங்குச் சாதகம், பாதகம் என்னும் இரண்டில் ஒன்றாகப் பகுக்கப்படுகிறது. சாதகமானவை மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்பதே படத்தின் மதிப்பெண். 60 விழுக்காட்டை எட்டும் படம் நற்சான்று பெறும். இம்மதிப்பெண் படம் எவ்வளவு சிறந்தது என்பதை அளப்பதில்லை. எத்தனை பேர் உடன்பட்டனர் என்பதையே அளக்கிறது. எல்லாரும் ஓரளவே விரும்பிய படம் 100 விழுக்காடு பெறலாம். பலர் உயிராய்ப் போற்றிச் சிலர் வெறுத்த படம் அதற்குக் கீழே நிற்கலாம்.

இத்தகைய எண்ணிக்கையில், மறுத்துரைக்கும் ஒருவர் மாற்றுப் பார்வை தருபவராகத் தோன்றாமல், முழுமையைக் குலைப்பவராகத் தோன்றுகிறார். 'டாய் ஸ்டோரி 3' பெற்றிருந்த 100 விழுக்காட்டைக் குறைத்த முதல் சில மதிப்புரைகளுள் ஒயிட்டினுடையதும் ஒன்று. வாசகரின் சினம் பெரிதும் அக்காரணத்தால் எழுந்தது. அவர் எழுதியதைப் படித்தவரைவிட அவரால் குறைந்த எண்ணைப் பார்த்தவரே மிகுதி எனக் கருத இடமுண்டு.

2021ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்று இம்முறையின் இயல்பை மேலும் விளக்கும். ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' அதுவரை 100 விழுக்காடு பெற்றிருந்தது. 1941இல் 'சிகாகோ டிரிப்யூன்' இதழில் வெளிவந்த பழைய மதிப்புரை ஒன்று திரட்டில் சேர்க்கப்பட்டவுடன் அது 99 ஆகியது. அதனை எழுதியவர் பெயர் மே டினி. பகல்காட்சியைக் குறிக்கும் 'மாட்டினி' என்னும் சொல்லின் ஒலியை விளையாட்டாகக் கொண்டு அவ்விதழ் வழங்கிவந்த புனைபெயர் அது. எண்பது ஆண்டுகள் கழித்து, புனைபெயருக்குப் பின்னிருந்த ஒருவரின் கருத்து உலகச் செய்தியாயிற்று. படம் எளிமையை இழந்து விந்தையை நாடுகிறது, காட்சிகள் இருண்டு கிடக்கின்றன என்பன அதன் குறைகூறல்கள். இருளும் நிழலும் அப்படத்தின் ஒளிப்பதிவு சார்ந்த முதன்மைக் கூறுகள் என்பதை இன்று எவரும் மறுக்கார். ஆகவே, அம்மதிப்புரையாளர் படத்தைச் சரியாகவே பார்த்திருக்கிறார். பார்த்ததை வேறாக மதிப்பிட்டிருக்கிறார். பார்வையின் துல்லியமும் மதிப்பீட்டின் திசையும் வெவ்வேறானவை என்னும் இந்நுட்பம் விழுக்காட்டில் மறைந்துவிடுகிறது.

5. ஒரு மதிப்புரையின் அமைப்பு

'டாய் ஸ்டோரி 3' பற்றிய ஒயிட்டின் மதிப்புரையைக் கூறுகளாகப் பிரித்து நோக்கினால் மூன்று அடுக்குகள் புலப்படுகின்றன.

முதல் அடுக்கு கருத்து. படம் வணிகப் பெயர்களிலும் விற்பனைப் பொருள்களிலும் மயங்கி, பொம்மைகள் குழந்தையின் கற்பனைக்குப் பயன்படும் திறத்தை விடுத்து, நுகர்வையே கொண்டாடுகிறது என்பது அவர் வாதம். பொம்மைகளையே மாந்தராகக் கொண்டு, அவற்றைச் சந்தையில் விற்கும் தொழிலின் பகுதியாகவும் விளங்கும் ஒரு படத்தின் முன் இவ்வினா எழுவது இயல்பே. இரண்டாவது அடுக்கு ஒப்பீடு. பொம்மைகளையும் வணிகத்தையும் பற்றிய கூர்மையான பார்வைக்கு ஜோ டான்டேவின் 'ஸ்மால் சோல்ஜர்ஸ்' (1998) படத்தை அவர் எடுத்துக்காட்டுகிறார். உடல் உறுப்புகள் இடம் மாறிய உருளைக்கிழங்குப் பொம்மையின் காட்சி போன்ற சிலவற்றை அவர் பாராட்டவும் செய்கிறார். மூன்றாவது அடுக்கு வாசகரைப் பற்றிய தீர்ப்பு. இப்படத்தை விரும்புவோர் சிந்தியாதவர், மூளைச்சலவைக்கு ஆட்பட்டவர் என்னும் பொருள்பட அவர் எழுதுகிறார்.

முதல் இரு அடுக்குகளும் திறனாய்வின் பாற்பட்டவை. வாசகர் படத்தை மீண்டும் பார்த்து அவற்றை ஏற்கலாம், மறுக்கலாம். மூன்றாவது அடுக்கு அத்தகைய சோதனைக்கு இடந்தருவதில்லை. படத்தை விரும்பும் ஒருவர் எக்காரணம் கூறினும், அவர் விரும்புகிறார் என்பதே அவர் சிந்தியாதவர் என்பதற்குச் சான்றாக்கப்படுகிறது. ஒயிட்டைப் பற்றிய நியாயமான குறை இங்குதான் அமைகிறது. அவர் எதிர்த்தார் என்பது குறையன்று. தம் எதிர்ப்பை மறுக்கும் வழியை வாசகருக்கு அடைத்தார் என்பதே குறை. அதேவேளை, அவரை நீக்கக் கோரியோரும் இதே பிழையைச் செய்தனர். அவர் படத்தை மறுத்தார் என்பதே அவர் தகுதியற்றவர் என்பதற்கு அவர்களிடம் சான்றாயிற்று.

6. ஈபர்ட்டின் இரு தீர்ப்புகள்

2009 ஆகஸ்டில் 'டிஸ்ட்ரிக்ட் 9' பற்றிய ஒயிட்டின் மதிப்புரைக்கு எதிர்ப்பு எழுந்தபோது, ஈபர்ட் முதலில் அவரை ஆதரித்தார். தென்னாப்பிரிக்க நிறவெறி வரலாற்றைப் படம் கையாண்ட முறையைக் குறித்து ஒயிட் எழுப்பிய வினாக்கள் அறிவார்ந்தவை என்பது அவர் நிலைப்பாடு. பின்னர், ஒயிட் ஏற்ற படங்களும் மறுத்த படங்களும் அடங்கிய பட்டியல் ஒன்று ஈபர்ட்டின் பார்வைக்கு வந்தது. அதனைக் கண்ட அவர், தம் ஆதரவைத் திரும்பப் பெற்று, ஒயிட் வேண்டுமென்றே சீண்டுபவர், ஆயினும் அறிவுள்ளவர் என்னும் முடிவுக்கு வந்தார்.

இவ்விரு தீர்ப்புகளும் இரு வேறு முறைகளின் விளைவுகள். முதலாவது, எழுத்தைப் படித்துப் பெற்றது. இரண்டாவது, பட்டியலைக் கண்டு பெற்றது. பெரும்பான்மைக் கருத்தை அளவையாகக் கொண்டு பட்டியலைச் சோதித்தால், எதிர்நிலையாளர் எவரும் தேறமாட்டார். அளவையே முடிவை உள்ளடக்கியிருப்பதால் அது வட்ட வாதமாகிறது. ஆயினும், பட்டியல் முற்றிலும் பயனற்றதன்று. ஒருவருடைய தீர்ப்புகளுக்கிடையே உள்ளிணைவு இருக்கிறதா என்பதை அறிய அது உதவும். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கை ஒயிட் பல்லாண்டுகள் போற்றி எழுதினார். ஆதலின், புகழ்பெற்ற அனைத்தையும் மறுக்கும் இயந்திரப் போக்கு அவரிடம் இல்லை என்பது தெளிவு.

எனினும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. ஆண்டுதோறும் அவர் வெளியிட்டுவரும் 'இதைவிட இது மேல்' என்னும் வகைப் பட்டியலில், பரவலாகப் போற்றப்பட்ட படம் ஒன்றும் அதனினும் சிறந்ததென அவர் கருதும் படம் ஒன்றும் இணையாக நிறுத்தப்படுகின்றன. ஒப்பிடுதல் திறனாய்வின் தலையாய முறையே. ஆனால், இங்கு இணையின் ஒரு பாதியைத் தேர்வது பிறருடைய புகழ்ச்சி. பெரும்பான்மையைப் பின்பற்றுபவர் எவ்வளவு அதனைச் சார்ந்து நிற்கிறாரோ, அதனை எதிர்ப்பதையே தொடக்கமாகக் கொள்பவரும் அவ்வளவு அதனைச் சார்ந்து நிற்கிறார்.

7. ஹியூமின் அளவுகோலும் அதன் எல்லையும்

சுவைத் தீர்ப்பு பற்றி டேவிட் ஹியூம் 1757இல் வெளியிட்ட கட்டுரை, நல்ல தீர்ப்பாளருக்கு ஐந்து பண்புகளை வகுக்கிறது: வலிய அறிவு, நுண்ணுணர்வு, பயிற்சி, ஒப்பீட்டு அனுபவம், சார்பின்மை. பட்டமோ பதவியோ இவ்வைந்தில் இடம்பெறவில்லை. இத்தகைய தீர்ப்பாளர் பலரின் ஒத்த முடிவே சுவையின் அளவுகோல் என்பது அவர் கொள்கை.

நுண்ணுணர்வை விளக்க, 'டான் குயிக்சாட்' புதினத்தில் வரும் ஒரு கதையை ஹியூம் எடுத்தாள்கிறார். மதுவைச் சுவைத்த இருவருள் ஒருவர் அதில் தோலின் சுவை சிறிது உள்ளது என்றார். மற்றவர் இரும்பின் சுவை என்றார். கேட்டோர் இருவரையும் நகைத்தனர். மிடாவைக் காலி செய்தபோது, அடியில் தோல்வார் கட்டிய சாவி ஒன்று கிடந்தது. பெரும்பான்மையால் நகைக்கப்பட்டோரின் தீர்ப்பு இங்குச் சான்றால் நிறுவப்படுகிறது. ஒத்த முடிவை அளவுகோலாக்கிய ஹியூமே, தனித்து நிற்பவரின் நாவை நம்பும் கதையைத் தேர்ந்தமை சிந்திக்கத்தக்கது.

திரைத் திறனாய்வில் மிடாவைக் காலி செய்து பார்க்கும் வாய்ப்பு சில வகைக் கூற்றுகளுக்கே உண்டு. 1971இல் கேல் எழுதிய 'ரெய்சிங் கேன்' என்னும் நீண்ட கட்டுரை, 'சிட்டிசன் கேன்' திரைக்கதையின் பெருமை ஹெர்மன் மாங்கிவிச்சுக்கே உரியது, வெல்ஸின் பங்கு மிகச் சிறிது என வாதிட்டது. இது பெரும்பான்மைக்கு எதிரான துணிந்த நிலைப்பாடு. 1972இல் பீட்டர் போக்டனோவிச் இதனை மறுத்தார். 1978இல் ராபர்ட் காரிஞ்சர், அடுத்தடுத்த திரைக்கதை வரைவுகளை ஒப்புநோக்கி, வெல்ஸின் பங்களிப்பு கணிசமானது என நிறுவினார். அங்கு மிடா காலி செய்யப்பட்டது. கேல் சொன்ன சாவி அதில் இல்லை.

ஆயினும், இத்தவறு அப்படத்தின் நகைச்சுவைத் தன்மை, இதழியல் பின்புலம் ஆகியன பற்றி அதே கட்டுரையில் கேல் எழுதியவற்றைப் பொய்யாக்கிவிடவில்லை. உண்மை பற்றிய கூற்றும் மதிப்பு பற்றிய கூற்றும் ஒரே எழுத்தில் கலந்து வரும்போது, முன்னதை ஆவணத்தாலும் பின்னதைப் படைப்பை மீண்டும் காண்பதாலும் தனித்தனியே சோதிக்க வேண்டும். எதிர்நிலைத் திறனாய்வாளரின் துணிவு முதல் வகையில் எவ்விதச் சலுகையும் பெறாது. இரண்டாம் வகையில் அதற்கு முழு இடம் உண்டு.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. கல்விப் பட்டம், இதழ்ப் பதவி, சக திறனாய்வாளரின் ஏற்பு ஆகியவை ஒருவர் எழுதுவதற்கான வாய்ப்பை மிகுவிக்கின்றன. எழுதியதன் தகுதியை அவை உறுதிசெய்வதில்லை.

2. பெரும்பான்மையோடு உடன்படுதலைத் தகுதியாகக் கொண்டால் திறனாய்வே தேவையற்றதாகும். எல்லாரும் முன்பே அறிந்த தீர்ப்பை ஒருவர் மீண்டும் எழுத வேண்டியதில்லை. முரண்படுதலைத் தகுதியாகக் கொள்வதும் அதே பிழையின் மறுபக்கம்.

3. படைப்பைத் துல்லியமாகக் காட்டுதல், தக்க ஒப்பீடு, உண்மைக் கூற்றைச் சான்றுக்கு உட்படுத்துதல், அளவுகோலைப் படத்துக்குப் படம் மாற்றாமை, மறுப்பதற்கான வழியை வாசகருக்குத் திறந்துவைத்தல் ஆகிய ஐந்தும் எழுத்திலேயே காணத்தக்க தகுதிக் கூறுகள்.

4. இவற்றைக் கொண்டு நோக்கின், ஆர்மண்ட் ஒயிட்டின் எழுத்து துல்லியத்திலும் ஒப்பீட்டிலும் வலியது. வாசகரையே குற்றக்கூண்டில் நிறுத்தும் இடங்களில் தளர்வது. அவரைத் தகுதியற்றவர் எனத் தள்ளுவதும், துணிந்தவர் என்பதாலேயே போற்றுவதும் அவ்வெழுத்தைப் படிக்காமல் செய்யும் தீர்ப்புகளே.

மே டினியின் மதிப்புரை எண்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு விழுக்காட்டுக் குறைவாக மட்டுமே நினைக்கப்பட்டது. ஒரு படத்தின் இருளைக் கண்டு அதனை விரும்பாத ஒருவரின் பார்வையாக அது படிக்கப்படவில்லை. தனித்து நிற்கும் குரல்களை எண்ணாகச் சுருக்கும் பழக்கம் பரவும்போது, இழப்பு அக்குரலுக்கு உரியவருக்கு மட்டுமன்று. பெரும்பான்மைத் தீர்ப்பும் தன்னைச் சோதித்துக்கொள்ளும் வாய்ப்பை இழக்கிறது. திரைத் திறனாய்வாளரின் தகுதியை வினவும் வாசகர், முதலில் அவர் எழுதியதை முழுவதும் படித்திருத்தல் வேண்டும். அவ்வாறு வினவுவதற்கு வாசகரிடம் அமைய வேண்டிய தகுதி அதுவே.